ஜெட் ஸ்கி ட்ரெயினிங் ரிவ்யூ: முதல் ஒரு மணி நேரம் வண்டியவே தொட விடல, அதுதான் சரி

போன வாரம் ஜெட் ஸ்கி (தண்ணி மேல ஓடுற பைக் மாதிரி வண்டி) ஓட்டுறதுக்கு அரை நாள் ட்ரெயினிங் ஒன்னு போயிட்டு வந்தேன். இவங்ககிட்ட வாடகைக்கு வண்டி வேணும்னா இந்த ட்ரெயினிங்க முடிச்சே ஆகணும், அது தெரியாம வந்த ஒரு குரூப் கவுண்ட்டர்ல சத்தம் போட்டுட்டு இருந்தாங்க, அப்பவும் அவங்க சாவிய தரல. எனக்கு முதல்ல பிடிச்சது அதுதான். ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு இடத்துல எடுத்தப்ப ஒரு பையன் வந்து "இத அழுத்துனா போகும், விட்டா நிக்கும்"னு சொல்லிட்டு அடுத்த ஆள கவனிக்க போயிட்டான். அதுல பாதி தப்புன்னு இப்பதான் தெரியுது.

விட்டா நிக்காது, அதுமட்டுமில்ல, ஹேண்டிலை திருப்புனாலும் வண்டி திரும்பாது. ஜெட் ஸ்கில சுக்கான் கிடையாது. அடியில தண்ணிய உறிஞ்சி பின்னாடி ஒரு குழாய் வழியா வேகமா பீச்சுது, ஹேண்டிலை திருப்புனா அந்த குழாய்தான் திரும்புது. ஆக்சிலேட்டரை விட்டுட்டா பீச்சுறது குறைஞ்சிடும், திருப்புற சக்தியும் அதோட போயிடும், ஆனா வண்டி மட்டும் வந்த வேகத்துல நேரா போய்க்கிட்டே இருக்கும். எதிர்ல ஆள பார்த்து பதறுனா எல்லாரும் முதல்ல செய்யறது கைய விடறதுதானே, அந்த இடத்துலதான் விபத்தே நடக்குது.

இத மாஸ்டர் வாயால சொல்லிட்டு விடல. கடல்ல ஒரு ஆரஞ்சு மிதவைய போட்டுட்டு "தம்பி, அதுக்கு நேரா வாங்க, நான் விசில் அடிச்சதும் ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஹேண்டிலை முழுசா இடது பக்கம் ஒடிங்க"ன்னாரு. ஒடிச்சேன், ஹேண்டில் முழுசா திரும்பி நிக்குது, வண்டி ஒரு இன்ச் கூட திரும்பல, மிதவை மேல நேரா ஏறி அது என் கால் பக்கம் டொம்முன்னு இடிச்சு பின்னாடி போச்சு. மெதுவான வேகம்தான், இருந்தாலும் அது ஒரு தலையா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு கை நடுங்கிடுச்சு. அடுத்த தடவை கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக்கிட்டே திருப்ப சொன்னாரு, சட்டுனு வளைஞ்சு போயிடுச்சு. இத பத்து தடவை செய்ய வச்சாரு. கொடுத்த காசு இதுக்கே சரியா போச்சு. சீ-டூ கம்பெனி 2009-ல இருந்து சில மாடல்ல பிரேக் மாதிரி ஒரு வசதி வச்சிருக்காங்க, ஆனா வாடகைக்கு கிடைக்கிற பழைய வண்டியில அத எதிர்பார்க்காதீங்க.

அடுத்தது அந்த சிவப்பு சுருள் கயிறு. ஒரு முனை ஸ்விட்ச்ல, இன்னொரு முனை நம்ம மணிக்கட்டுல, நாம விழுந்தா கயிறு புடுங்கிட்டு இன்ஜின் ஆஃப் ஆகிடும். மணிக்கட்டு பட்டைய இறுக்கி கட்டிட்டு ரெண்டு விரல் உள்ள போகுதான்னு அவரே பார்த்தாரு, அப்புறம் வேணும்னே எல்லாரையும் ஒரு தடவை தண்ணியில குதிக்க சொன்னாரு, வண்டி நிக்குதான்னு நாமளே பார்க்கணும்னு. அமெரிக்காவுல 2021 ஏப்ரல் 1-ல இருந்து 26 அடிக்கு குறைவான ஸ்பீட் போட்டுக்கும் வேகமா போறப்ப இந்த ஸ்விட்ச மாட்டிக்கணும்னு சட்டமே இருக்கு. ஆள் இல்லாத போட் இன்ஜின் ஓடிக்கிட்டே வட்டம் அடிச்சு, விழுந்தவங்க மேலயே திரும்பி வர்றது நெசமாவே நடக்குற விஷயம், அதுலயும் ஸ்பீட் போட்ல அடியில வெளிய ஃபேன் சுத்துது.

தூரம், வேகம் பத்தியும் ஒரு கணக்கு சொன்னாரு, மறக்கவே முடியல. நியூசிலாந்துல கரையில இருந்து 200 மீட்டருக்குள்ள, இல்ல நீந்துறவங்க, வேற போட் எதுக்காவது 50 மீட்டர் பக்கத்துல போனா 5 நாட் வேகத்த தாண்டக்கூடாது, பிரான்ஸ்ல கரையில இருந்து 300 மீட்டர் வரைக்கும் அதே 5 நாட். 5 நாட்னா மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம், 50 மீட்டரை கடக்க கிட்டத்தட்ட 20 செகண்ட் ஆகும். மணிக்கு 60-ல வந்தா அதே 50 மீட்டர் 3 செகண்ட்ல முடிஞ்சிடும். அலைக்கு நடுவுல நீந்துற ஒருத்தரோட தலைய தூரத்துல இருந்து பார்த்து அது தலைதான்னு புரியறதுக்கே 3 செகண்ட் ஆகும். அதனாலதான் இந்த ரூல்ஸ பார்த்து "ஜாலிய கெடுக்குறாங்க"ன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வருது.

சட்டம் எவ்வளவு லேட்டா வருதுங்கறதுக்கு இங்கிலாந்து கதை ஒன்னு போதும். 2005-ல அங்க கோர்ட் ஜெட் ஸ்கிய கப்பல்னு சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு கொடுத்துடுச்சு, அதனால கப்பலுக்கு இருந்த பாதுகாப்பு சட்டம் இதுக்கு செல்லாம போச்சு. அந்த ஓட்டைய அடைக்க 2023 மார்ச் ஆயிடுச்சு, இப்ப ஆபத்தா ஓட்டுனா 2 வருஷம் வரைக்கும் ஜெயில். நடுவுல 17 வருஷத்துக்கு மேல. நம்ம உயிர அந்த மாதிரி இடைவெளியில விட்டுட முடியாது, அதான் கடை எப்படி நடத்துறாங்கன்னு நாமளே பார்த்துக்கணும்னு சொல்றேன்.

இப்ப குறை. பெருசாவே இருக்கு. இவங்களே பனானா ரைடுக்கு (வாழைப்பழம் மாதிரி ரப்பர் மிதவையில ஆளுங்கள உட்கார வச்சு இழுத்துட்டு போறது) ஒரு ஸ்பீட் போட் ஓட்டுறாங்க, அந்த டிரைவர் அண்ணன் கையில கயிறு இல்ல, ஸ்டியரிங் பக்கத்துல சும்மா தொங்குது. எங்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்த அதே கம்பெனி! பின்னாடி ரப்பர் மேல ஆறு பேரு, அதுல ரெண்டு சின்ன புள்ளைங்க. நான் போய் கேட்டதுக்கு "பத்து வருஷமா ஓட்டுறேன் தம்பி, ஒன்னும் ஆகாது"ன்னாரு. அலை தூக்கி அடிச்சா பத்து வருஷ அனுபவமும் சேர்ந்துதான் தண்ணியில விழும். மேனேஜர்கிட்ட சொன்னேன், பார்க்குறேன்னாரு, நான் கிளம்புற வரைக்கும் அந்த கயிறு அங்கயேதான் தொங்குச்சு. இன்னொன்னு, எனக்கு கொடுத்த லைஃப் ஜாக்கெட்ல ஒரு பக்கிள் உடைஞ்சிருந்துச்சு, கேட்டதும் மாத்தி கொடுத்தாங்க, ஆனா கேட்காதவங்களுக்கு?

சின்னதா ரெண்டு விஷயம், போறவங்களுக்காக. பின்னாடி உட்கார்றவங்க வெறும் நீச்சல் டிரஸ்ல போகாதீங்க, பின்பக்கமா விழுந்தா அந்த தண்ணி பீச்சுற அழுத்தம் உடம்புக்குள்ள போய் மோசமான காயம் ஆகும், வண்டி மேல ஒட்டியிருக்குற எச்சரிக்கையிலயே இடுப்புக்கு கீழ மூடுற வெட் சூட் (ரப்பர் மாதிரி தடிமனான நீச்சல் உடை) இல்ல அதே அளவு பாதுகாப்பான உடை போட சொல்லியிருக்கும், யாரும் படிக்கிறதில்ல. வண்டி கவுந்துட்டா எந்த பக்கம் உருட்டி நிமிர்த்தணும்னு பின்னாடி ஸ்டிக்கர் இருக்கும், இஷ்டத்துக்கு உருட்டுனா இன்ஜின்ல தண்ணி போயிடும்.

ட்ரெயினிங்குக்கு அஞ்சுக்கு அஞ்சு, பனானா ரைடுக்கு ஒன்னு. மொத்தத்துல மூணு போட்டிருக்கேன். அடுத்த மாசம் அண்ணன் பொண்ண இதே மாஸ்டர்கிட்ட அனுப்புறேன், அவ காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி கத்துக்கணும்னு சொல்லிட்டு இருக்கா. நானும் கூட போறேன். அன்னைக்கு அந்த டிரைவர் அண்ணன் கையில கயிறு இருந்துச்சுன்னா இந்த ஸ்டார மாத்திடுறேன்.