சூப்பர் சிங்கர்: நான்கு நிமிடப் பாட்டும் அதைச் சுற்றிய இருபது நிமிடமும்

விஜய் தொலைக்காட்சியில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய சூப்பர் சிங்கர், பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் மாறி மாறிப் பல பருவங்களை (சீசன்களை) கடந்து வந்துவிட்ட பாட்டுப் போட்டி. எங்கள் வீட்டில் அதை ஒருவர் பாட்டுக்காகப் பார்ப்பார், இன்னொருவர் தொகுப்பாளர்கள் மா கா பா ஆனந்த், பிரியங்கா இருவரின் கலாட்டாவுக்காகப் பார்ப்பார். நான் முதல் கட்சி. ஆகவே இந்த மதிப்புரையும் அந்தக் கட்சியின் சார்பில்தான் எழுதப்படுகிறது.

தொடக்ககாலப் பருவங்களில் குரல் பயிற்சியாளராக வந்த அனந்த் வைத்தியநாதன் போட்டியாளர்களுடன் அமர்ந்து, எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, உச்ச ஸ்தாயியில் தொண்டையை இறுக்காமல் எப்படி நிற்பது என்றெல்லாம் விளக்கியதையும் நிகழ்ச்சியின் பகுதியாகவே காட்டினார்கள். நடுவர் இருக்கையிலிருந்த பின்னணிப் பாடகர் ஸ்ரீநிவாஸ், சரணத்தின் இரண்டாவது வரியில் சுருதி இறங்கியதையோ, ஒரு சங்கதியின் (ஒரே வரியை மெருகேற்றிப் பாடும் வகையின்) கடைசிச் சுரம் தெளிவாக விழாததையோ பெயர் சொல்லிச் சுட்டுவார். முறையாகச் சங்கீதம் கற்காத என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கு, பிடித்த பாட்டு ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தெரிந்ததில் அந்த விளக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் அந்த இடத்தை ‘புல்லரித்துவிட்டது’ என்ற சொல்லும், எழுந்து நின்று கைதட்டுவதும், பாடியவர் தலைமீது பொன்னிறக் காகிதத் துணுக்குகளைப் பொழிவிப்பதும் பிடித்துக்கொண்டன. பாராட்டுவதில் தவறில்லை, ஆனால் எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லாமல் பாராட்டும்போது, கேட்பவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இந்தப் போட்டியின் அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாடப்படுபவை பெரும்பாலும் திரைப்பாடல்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியமோ எஸ். ஜானகியோ ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி வைத்த வடிவம் ஒவ்வொரு கேட்பவரின் காதிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது. போட்டியாளர் அதை அப்படியே பாடினால் ‘உன்னுடைய முத்திரை எங்கே’ என்கிறார்கள்; ஒரு பிருகாவை, அதாவது வேகமாக உருளும் சுரக் கோவையை, கூடுதலாகச் சேர்த்தால் ‘மூலப் பாடலைக் கெடுக்காதே’ என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி மிகவும் குறுகலானது.

அதனால்தான் 2018ஆம் ஆண்டின் ஆறாவது பருவத்தை நான் இந்த நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பருவமாகக் கருதுகிறேன். கிராமிய மேடைகளில் பாடிவந்த செந்தில் கணேஷும் அவருடைய மனைவி ராஜலட்சுமியும் அதில் போட்டியிட்டனர். பட்டத்தைச் செந்தில் கணேஷ் வென்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரேயொரு மூல ஒலிப்பதிவு நாட்டுப்புறப் பாட்டுக்கு இல்லை. ஊருக்கு ஊர், பாடுபவருக்குப் பாடுபவர் அது மாறும். எனவே நடுவர்களும் பார்வையாளர்களும் வேறு வழியின்றி, முன்னால் நின்று பாடுகிறவரை மட்டுமே கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மூக்குத்தி முருகன் வென்றபோதும், பயிற்சிக் கூடங்களுக்கு வெளியே உருவான குரல்களுக்கு இந்த மேடையில் இடம் உண்டு என்பது உறுதியாயிற்று.

வாக்கெடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பாட்டை மட்டும் அளப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மூன்றாவது பருவத்தில் சாய்சரணுக்குப் பட்டம் கிடைத்தது. அதே பருவத்தின் இறுதிச்சுற்றில் பாடிய சத்யபிரகாஷ், 2017ஆம் ஆண்டில் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘ஆளப்போறான் தமிழன்’ பாடலின் குரல்களில் ஒருவராகத் தமிழகமெங்கும் ஒலித்தார். ஏழாவது பருவத்தில் பாடவந்த சிவாங்கியை, பாடகி என்பதைவிட அதே தொலைக்காட்சியின் சமையல் நிகழ்ச்சியில் வந்த கோமாளியாகத்தான் பலரும் அறிவார்கள். பட்டம் ஒரு பக்கமும் வாழ்க்கை இன்னொரு பக்கமும் போவதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் படத்தொகுப்பைப் பற்றியது. சிறுவர் பருவங்களில் இது இன்னும் உறுத்துகிறது. பத்து வயதுக் குழந்தை முடிவுக்காகக் காத்து நிற்கும்போது, அதன் முகத்தையும் தாயின் கண்ணீரையும் மாறி மாறிக் காட்டி, பின்னணியில் வயலினை இழையவிட்டு, விளம்பர இடைவேளைக்குப் போய்விடுகிறார்கள். குடும்பத்தின் வறுமையைச் சொல்லும் படத்துண்டைப் பாட்டுக்கு முன்பே போட்டுவிட்டால், அதன்பின் சுருதி விலகியதைச் சொல்ல எந்த நடுவருக்கு மனம் வரும்?

இத்தனைக்கும் பிறகும் நான் பார்க்கிறேன். மேடையிலுள்ள வாத்தியக் குழு நேரடியாக வாசிப்பதே அதற்கு முதற்காரணம்; இளையராஜா பாடலொன்றின் இடையிசையில் புல்லாங்குழலும் தபலாவும் கண்ணெதிரே சேர்வதைத் தொலைக்காட்சியில் வேறெங்கும் அவ்வளவு எளிதில் பார்க்க முடியாது. புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் முழுப் பகுதியையும் பார்க்கத் தேவையில்லை. யூடியூபில் பாடல்கள் தனித்தனித் துண்டுகளாகக் கிடைக்கின்றன; ஆறாவது பருவத்தின் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து தொடங்கலாம், ஹெட்போன் மாட்டிக் கேட்டால் பறையின் அதிர்வும் சரியாக விழும்.