முன்னால் நிற்கும் கையின் குத்துகள்: எட்டு வார வகுப்பு பற்றிய மதிப்புரை

குத்துச்சண்டை, கராத்தே, ஜீத் குன் டோ ஆகிய சண்டைக்கலைகளிலிருந்து முன்னால் நிற்கும் (எதிராளிக்கு அருகில் இருக்கும்) கையின் அடிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஸ்பாரிங்கிற்கு (கூட்டாளியோடு ஆடும் பயிற்சிச் சண்டைக்கு) எது உதவும், தற்காப்பிற்கு எது உதவும் என்று ஒப்பிட்டுக் கற்பிப்பதாக அறிவித்திருந்த எட்டு வார வகுப்பொன்றை அண்மையில் முடித்தேன். வாரத்திற்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஸ்பாரிங் தொடர்பாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். தற்காப்பு பெயரளவிலேயே நின்றுவிட்டது.

முதல் மூன்று வாரங்களும் ஜாப், அதாவது முன்னால் நிற்கும் கையால் விரைந்து போடும் நேர்க்குத்து, மட்டுமே. இரண்டாவது அமர்விலேயே எனக்குச் சலிப்புத் தட்டியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பயிற்சியாளர் கவனித்தது கை போகும் வேகத்தை அன்று, அது திரும்பும் வழியை. ஒரு மிட்டை (குத்து வாங்குவதற்கான திணிப்புக் கையுறையை) எனக்குக் குறியாகப் பிடித்துக்கொண்டு, என் இடக் கை தாடைக்குக் கீழே இறங்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் மற்ற மிட்டால் இடக் கன்னத்தில் லேசாகத் தட்டுவார். முதல் நாள் இருபது ஜாப் போட்டதில் பதினொரு தட்டு வாங்கினேன். இது வெறும் ஒழுங்குக்காகச் செய்யும் பயிற்சி அன்று. பெயர்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஜாப் போட்டபின் இடக் கையைத் தாழவிடுவதைக் கண்டுவைத்திருந்த ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங், 1936ஆம் ஆண்டு அந்த இடைவெளி வழியாகவே வலக் கையைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, 12ஆம் சுற்றில் அவரை வீழ்த்தினார். லூயிஸுக்கே நேர்ந்தது நமக்கு நேராதா என்று எண்ணிக்கொண்டால் கன்னத்தில் விழும் தட்டு அவ்வளவாக வலிக்காது.

நான்காவது வாரம் கராத்தேயின் கிஸாமி சுகி. முன் காலைத் தாவவிட்டு அதே பக்கக் கையால் நேராகக் குத்தும் இந்த அடி, ஜாப் எட்டாத தூரத்தையும் எட்டிவிடுகிறது. பாதுகாப்பான தொலைவில் நிற்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தபோது, என்னைவிடக் குள்ளமான சக மாணவி ஒருவர் இதனால் என் நெற்றியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கினார். புள்ளிக்காக ஆடும் போட்டியில் குத்து பட்டதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதால் இந்தத் தாவல் பலிக்கிறது. நிறுத்தாமல் தொடரும் ஸ்பாரிங்கில், தாவி முடித்த உடல் நீண்டு கிடக்கும் அந்தக் கணத்தில் எதிராளியின் பதிலடிக்கு முகம் திறந்தே இருக்கும். வகுப்பில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டது ஒரு குறை.

எனக்கு மிகவும் பிடித்தது புரூஸ் லீ வகுத்த ஜீத் குன் டோவில் முன்னால் நிற்கும் கையால் போடும் நேர்க்குத்துதான். வலக்கைப் பழக்கம் உள்ளவர் வலக் காலை முன்வைத்து, வலுவான கையையே எதிராளிக்கு அருகில் நிறுத்துகிறார். கை முட்டியைக் கிடைமட்டமாகத் திருப்பாமல் செங்குத்தாக வைத்துக் குத்துகிறார். வாள்வீச்சிலிருந்து லீ எடுத்துக்கொண்ட விதி ஒன்று இதில் முக்கியம்: கால் நகர்வதற்கு முன்பே கை கிளம்ப வேண்டும். கால் தரையில் ஊன்றுவதற்குள் குத்து பட்டுவிட்டால், முன்னோக்கி விழும் உடலின் எடை தரைக்குப் போகாமல் முட்டிக்குப் பின்னால் சேர்கிறது. கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. கைப்பேசியில் மெதுவோட்டமாகப் பதிவுசெய்து பார்த்தபோதோ, முட்டி அசைவதற்கு முன்பே என் முழங்கை வெளிப்புறமாக விரிவது தெரிந்தது. எதிரே நிற்பவருக்கு அதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு வேண்டியதில்லை. சுவரை ஒட்டி நின்று, முழங்கை சுவரில் உரசாமல் குத்திப் பழகிய பிறகே அந்தப் பழக்கம் ஓரளவு குறைந்தது. வலுவான கை முன்னே வந்துவிடுவதால் பின்னால் இருந்து வரும் குத்தின் கனம் குறைகிறது என்பதும் உண்மை. இரண்டு வாரங்களில் இந்த நிற்கும் முறையை முழுமையாக மாற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை.

புறங்கை அடியும், முன்னால் நிற்கும் கையை வளைத்துப் பக்கவாட்டிலிருந்து போடும் ஹூக்கும் ஏழாவது வாரத்தில் அவசரமாகக் கடந்துபோயின. புறங்கை அடி திடீரென வந்தால் எதிராளி திடுக்கிடுவார், அதற்குமேல் அதனால் பெரிய பலன் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தற்காப்புக்குக் கடைசி வாரத்தின் ஓர் அமர்வை மட்டுமே ஒதுக்கினார்கள். அதிலும் 16 அவுன்ஸ் கையுறைகளைக் கழற்றச் சொல்லவில்லை. ஏறத்தாழ 454 கிராம் எடையுள்ள கையுறையின் திணிப்பும், அதற்குள் சுற்றிய துணிப்பட்டையும் இருக்கும்போது எங்கே குத்தினாலும் கை தாங்கும். வெறும் முட்டி மண்டையோட்டில் பட்டால், சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள உள்ளங்கை எலும்பு முறிவது மருத்துவர்கள் நன்கறிந்த காயம். அதனால்தான் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிப்பது இங்கே பொருத்தமான தெரிவாகிறது. அதைப் பத்து நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். கண்ணை நோக்கிய விரல் குத்தைச் செய்து காட்டியதோடு சரி. கூட்டாளியின் கண்ணில் முழு வேகத்தில் பழக வழியில்லாத ஒன்றை, அசையாத குறியின்மீது பழகிவிட்டுத் தேர்ந்துவிட்டதாக நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மேலும், வாய்த்தகராறு முற்றும் இடத்தில் யாரும் சண்டைக்கு நிற்பதுபோல் நிற்பதில்லை. ஒரு கை தூரத்தில், சமாதானம் பேசுவதுபோல் இரு கைகளையும் விரித்து வைத்திருப்போம். அந்த நிலையிலிருந்து, கால் எடுத்துவைக்க இடமில்லாதபோது, எந்த அடி கிளம்பும், எது கிளம்பாது என்ற ஒப்பீட்டுக்காகவே நான் பணம் கட்டினேன். அது நடக்கவே இல்லை.

ஏற்கெனவே ஸ்பாரிங் செய்பவர்கள், ஜாப் தங்களுக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள் குறிப்பாக, தயங்காமல் சேரலாம். தற்காப்பை மட்டும் மனத்தில் வைத்து வருபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் நிலை வகுப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. கையுறை இல்லாமல் எத்தனை அமர்வுகள் நடக்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதிலைப் பார்த்துத்தான் சேர்வேன்.