மிக்ஸரில் பொருத்தும் ஐஸ்கிரீம் கிண்ணம்: கீழக்கரை வீட்டில் எப்படி?

மாவு பிசையவும் கிரீம் அடிக்கவும் உதவும் மேசை இயந்திரமான ஸ்டாண்ட் மிக்ஸரில் பொருத்தும் இந்தக் கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்குள் இருக்கும் திரவம் முழுதாக உறைய, ஃப்ரீசரில் ஏறத்தாழ 15 மணி நேரம் வேண்டும். கீழக்கரையின் கடலோரப் புழுக்கத்தில், வெளியே எடுத்த உடனேயே கிண்ணத்தின்மேல் வெண்பனி படர்ந்து நீராக வழியத் தொடங்கிவிடுவதால், பாலும் பாலேடும் வடிகட்டி ஆறவைத்த கருப்பட்டிப் பாகும் சேர்ந்த கலவையை முன்பே நன்றாகக் குளிரவைத்து, கிண்ணத்துக்குள் கிளறும் துடுப்பு சுழலத் தொடங்கிய பிறகே ஊற்ற வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் பாளமாக ஒட்டிக்கொள்ளும். 20 முதல் 30 நிமிடங்களில் அது கெட்டியாகித் துடுப்பில் சுற்றிக்கொள்கிறது. நுங்கைப் பொடியாக நறுக்கிக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். கருப்பட்டி மணம் இவ்வளவு தெளிவாக எழும் ஐஸ்கிரீமை நான் கடைகளில் சுவைத்ததில்லை. மின்வெட்டு மிகுந்த வீடுகளுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.