கட்டையா, டப்பாவா? ஒரு வயதுக் குழந்தையின் விளையாட்டுகள்: ஓர் ஒப்பீடு

ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும்போது, அது என்ன கற்றுக்கொடுக்கும் என்று அட்டைப்பெட்டியின் மேல் தேடிப் படிக்கிறோம். எனக்கு வேறொரு கேள்விதான் உதவுகிறது. இந்த விளையாட்டில் யார் வேலை செய்கிறார்கள்? குழந்தையா, பொம்மையா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரா?

முதல் போட்டி அடுக்கும் கட்டைகளுக்கும் காலி டப்பாவுக்கும். மதிப்பென்னவோ கட்டைகளுக்குத்தான். ஆனால் 15 மாதக் குழந்தை பொதுவாக இரண்டு கட்டைகளைத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். 18 மாதத்தில் மூன்று, நான்கு. இரண்டு வயதை நெருங்கும்போது ஆறு வரை போகலாம். தூக்கி வைப்பது சுலபம், விடுவதுதான் கடினம். விரல்களைப் பதமாகத் திறக்கத் தெரியாதவரை கையோடு கட்டையும் வந்துவிடும், கீழே இருப்பதும் சரியும். அதனால் இந்த வயதில் கோபுரம் கட்டுவது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான்; குழந்தையின் பங்கு இடிப்பது. (இடிப்பதும் அருமையான விளையாட்டுதான். கட்டியவர் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.)

டப்பாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அகன்ற வாயுள்ள டப்பா ஒன்று, பெரிய மூடிகள் சில, ஒரு மரக்கரண்டி, துணித் துண்டு. போடுவது, கொட்டுவது, மறுபடி போடுவது. டப்பாவின் மேல்மூடியில் ஒரு நீள வெட்டுப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். குழந்தை கையிலிருக்கும் மூடியைத் தட்டையாகப் பிடித்து வெட்டின் மேல் அழுத்தும், நுழையாது. இன்னும் பலமாக அழுத்தும். பிறகு எப்போதோ மணிக்கட்டு திரும்பும், மூடி செங்குத்தாகி 'டங்' என்று உள்ளே விழும். உடனே குனிந்து வெட்டு வழியே எட்டிப் பார்க்கும். மணிக்கட்டைத் திருப்பும் பயிற்சி, வடிவத்தையும் இடத்தையும் பொருத்திப் பார்ப்பது, கண்ணுக்கு மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்ற நிச்சயம், எல்லாம் அந்தச் சில நொடிகளில் இருக்கின்றன. ஒரே செயலைச் சற்று மாற்றி மாற்றிச் செய்து விளைவைக் கவனிப்பதை 12 முதல் 18 மாதப் பருவத்தின் அடையாளமாகவே சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே குறிப்பிட்டார். உயர நாற்காலியிலிருந்து கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவதும் அதே ஆராய்ச்சிதான். பொறுக்கித் தருபவருக்குத்தான் அது குறும்பாகத் தெரிகிறது.

ஒன்றரை வயது வரை என் ஓட்டு டப்பாவுக்கே. அதன்பிறகு கட்டைகள் முந்திவிடும். பெரியது கீழே, சிறியது மேலே என்று திட்டமிடும் வேலையை டப்பா தராது. எதுவானாலும் உள்ளே போடும் பொருள் பெரிதாக இருக்கட்டும். டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும்.

அடுத்தது படப் புத்தகமும் பாட்டரி பொம்மையும். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. பொத்தானை அழுத்தினால் பாடும், மின்னும், எண்ணிக் காட்டும் பொம்மையில் உழைப்பெல்லாம் பொம்மையுடையது. அதைவிட மோசம், அது பேசும்போது பெரியவர் வாயை மூடிக்கொள்கிறார். அமெரிக்க ஆய்வாளர் அன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் தங்கள் பெற்றோருடன் வீட்டில் விளையாடியதைப் பதிவு செய்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார். மின்னணு பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்களும், மாறி மாறிப் பேசிக்கொண்டதும் குறைந்தன. புத்தகத்தின்போது பேச்சு அதிகம். சாதாரண பொம்மைகள் இடையில் நின்றன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டையும் கொடுத்துவிட்டு நம் பேச்சையே கவனித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

புத்தகத்தை வரி விடாமல் வாசிக்க வேண்டியதில்லை. "நாய் எங்கே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த இடைவெளியைத்தான் பெரியவர்கள் சட்டென்று நிரப்பிவிடுகிறார்கள். விரல் நீள்வதற்கும் ஏதோ ஓர் ஒலி வருவதற்கும் நேரம் பிடிக்கும். கெட்டி அட்டைப் புத்தகமாக இருந்தால் பக்கத்தைக் குழந்தையே புரட்டும், சில சமயம் பின்னோக்கியும். புரட்டட்டும்.

நடை பழகும் குழந்தைக்கு உள்ளே உட்காரவைக்கும் சக்கர வாக்கரா, பின்னால் நின்று தள்ளும் வண்டியா? உட்காரும் வாக்கரின் விற்பனையைக் கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளே காரணம். அது நடையை விரைவுபடுத்துவதும் இல்லை. தள்ளுவண்டி பரவாயில்லை, கனமான சாமான் சில போட்ட அட்டைப்பெட்டியும் அதே வேலையைச் செய்யும். சும்மா விட்டாலும் குறைவில்லை: 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாட்டுப்போக்கில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைத்து, 17 முறை விழுந்ததாக அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் கணக்கிட்டார்கள்.

பந்தை உருட்டி வாங்குவது, காலிக் கோப்பையில் குடிப்பதுபோல் நடிப்பது ஆகியவற்றுக்குப் போட்டியே தேவையில்லை. இரண்டும் எதனுடனும் சேரும். எத்தனை பொருள்களை வெளியே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். 2018-இல் வெளியான, அமெரிக்காவின் டொலேடோ பல்கலைக்கழக ஆய்வில், 16 பொம்மைகள் கிடந்த அறையைவிட 4 மட்டும் இருந்த அறையில் குழந்தைகள் ஒவ்வொன்றுடனும் நீண்ட நேரம், பல விதமாக விளையாடினார்கள். மிச்சத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, சில நாள் கழித்து மாற்றி இறக்குங்கள்.