நியூ ஆர்டரின் ‘சப்ஸ்டன்ஸ்’: எந்தப் பதிப்பை வாங்குவது?

ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவரான டோனி வில்சன் தன் ஜாகுவார் காரில் சிடி பிளேயர் வைத்திருந்தார். மான்செஸ்டர் குழுவான நியூ ஆர்டரின் சிங்கிள்களை (தனித்தனியாக வெளியான ஒற்றைப் பாடல் தட்டுகளை) அதில் வரிசையாகக் கேட்க அவருக்கு ஆசை. 1987 ஆகஸ்டில் ‘சப்ஸ்டன்ஸ்’ வந்ததற்கு அதுதான் காரணம். குழுவின் பன்னிரண்டு சிங்கிள்கள், வெளிவந்த வரிசையிலேயே.

ஹிட் தொகுப்பு என்றால் ஏற்கெனவே ஆல்பங்களில் இருப்பதைப் பொறுக்கிக் கட்டிய பொட்டலம் என்றுதான் நினைப்போம். இங்கே கதை வேறு. இந்தப் பன்னிரண்டில் ஒன்பது பாடல்கள், குழு தன் நாட்டில் வெளியிட்ட அசல் எல்பிகள் (முழுநீள இசைத்தட்டுகள்) எதிலும் கிடையாது. ‘புளூ மன்டே’யே கிடையாது. ஆல்பம் தனி, சிங்கிள் தனி என்று வைத்திருந்தார்கள். ஆகவே நடனத்தளத்து நியூ ஆர்டரைக் கேட்க வேண்டுமென்றால் இதுதான் முதன்மை ஆல்பம், மற்றவை துணை.

இன்னொரு விஷயம், இதில் இருப்பவை 12 அங்குலத் தட்டுக்கான நீண்ட வடிவங்கள். 7 அங்குலத் தட்டில் மூன்று, நான்கு நிமிடம்தான் சத்தம் குறையாமல் ஏறும். பெரிய தட்டில் ஒலி பதியும் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அதிகம் ஏறும், ட்ரம் மட்டும் தனியாக ஓடவும் இடம் கிடைக்கும்.

‘புளூ மன்டே’யையே (1983) எடுத்துக்கொள்ளுங்கள். ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் ட்ரம் மெஷினின் கிக் (பெரிய ட்ரம்மின் கனத்த அடி), முதலில் தாளமாக, பிறகு துப்பாக்கி சுடுவதுபோல் அடுக்கடுக்காக. அதன்மேல் சின்த்தசைசர் வரி வந்து உட்காரும்போது தாளத்திலிருந்து லேசாக நழுவியிருப்பது காதில் படும். நீளமான தாளில் எழுதி வைத்து குழுவின் ஜில்லியன் கில்பர்ட், சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்வென்சர் கருவியில் ஒவ்வொரு சுரமாக ஏற்றியபோது ஒரு சுரம் விடுபட்டதால் வந்த வினை அது. திருத்தியிருந்தால் பாட்டு இவ்வளவு விசித்திரமாக ஒலித்திருக்காது. பெர்னார்ட் சம்னரின் குரல் வருவதற்கே இரண்டு நிமிடம் தாண்டிவிடும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

பீட்டர் ஹுக்கின் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கழுத்தின் மேல்பகுதியில், உயர்ந்த சுரங்களில்தான் அவர் வாசிப்பார். பழைய குழுவான ஜாய் டிவிஷன் நாட்களில் மட்டமான ஆம்ப்ளிஃபயரில் கீழ்ச்சுரங்கள் தனக்கே கேட்காததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். இதனால் ஒரு வேடிக்கை: கைபேசி ஸ்பீக்கரில் போட்டால் அவருடைய பேஸ் கேட்கும், கிக் காணாமல் போகும். நல்ல ஹெட்ஃபோனோ பெரிய ஸ்பீக்கரோ இல்லாமல் இந்த ஆல்பத்தை எடைபோடாதீர்கள்.

இனி குறைகள். ‘டெம்ப்டேஷன்’, ‘கன்ஃப்யூஷன்’ இரண்டும் 1987இல் புதிதாகப் பதிவு செய்தவை. 1982இன் 12 அங்குல ‘டெம்ப்டேஷன்’ ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, இங்கே ஏழு. அசலின் கரடுமுரடு எல்லாம் துடைத்தெடுக்கப்பட்டு, பளிச்சென்று இருக்கிறது. நல்ல பாட்டுத்தான், ஆனால் மூச்சு வாங்குவது அசலில்தான். நியூயார்க்கில் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரோடு செய்த ‘கன்ஃப்யூஷன்’ எட்டு நிமிடத்திலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இதில் பெரிய இழப்பு இல்லை.

சிடியில் வெட்டு வேறு. அன்றைய சிடியின் கொள்ளளவு 74 நிமிடம். பன்னிரண்டு நீளப் பாடல்களை ஒரே தட்டில் திணிக்கக் கத்தரி போட்டார்கள். ‘ஷெல்ஷாக்’ ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் இருந்தது, ஆறரை ஆனது. ‘தி பெர்ஃபெக்ட் கிஸ்’ கடைசி முக்கால் நிமிடத்தை இழந்து, உச்சத்தில் நிற்கும்போதே மங்கிப் போகிறது. பாட்டுக்குள் வரும் தவளைச் சத்தம் தப்பித்தது. ‘சப்-கல்ச்சர்’ ரீமிக்ஸையும் (மாற்றிக் கலந்த வடிவத்தையும்) சுருக்கினார்கள், அதற்காக யாரும் அழ வேண்டாம். பெண்குரல் கோரஸை அள்ளிக் கொட்டிய அந்த ரீமிக்ஸ்தான் ஆல்பத்தின் பலவீனமான இடம்.

ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது பெயரை நம்பாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ‘புளூ மன்டே’ ஏழரை நிமிடம் இருக்க வேண்டும். நான்கு நிமிடமென்றால் அது 1988 ரீமிக்ஸ். ‘பிசார் லவ் ட்ரையாங்கிள்’ ஆறே முக்கால் என்றால் இங்கே உள்ள ஷெப் பெட்டிபோன் ரீமிக்ஸ், நாலே கால் சொச்சம் என்றால் ‘பிரதர்ஹுட்’ ஆல்பத்து வடிவம். பல பாடல்களின் தலைப்பு வரிகளிலேயே வராது. ‘ட்ரூ ஃபெய்த்’ என்ற சொற்களை அந்தப் பாட்டுக்குள் தேடினால் கிடைக்காது.

எல்பியா, சிடியா? எல்பியில் பக்கத்துக்கு மூன்று பாடல். பள்ளம் நெருங்காததால் ஒலி திடமாக இருக்கும். 1987 சிடி குறைந்த ஒலியளவில் பதிவானது, வால்யூமைக் கூட்டினால் போதும், கிக்கின் அடி நசுங்காமல் வரும். 2023 மறுவெளியீட்டின் நான்கு சிடி பெட்டியில் உபரிப் பதிவுகளோடு, 1987 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் எர்வைன் மெடோஸில் இதே பாடல்களை இதே வரிசையில் மேடையில் வாசித்த நிகழ்ச்சியும் உண்டு. நியூ ஆர்டர் மேடையில் எவ்வளவு தடுமாறும் என்று தெரிந்தவர்களுக்கு அது விருந்து. சுருக்கமான வடிவங்களே போதும் என்றால் ‘சிங்கிள்ஸ்’ தொகுப்பை வாங்குங்கள், 2005 அச்சை விட்டு 2016 அச்சாகப் பார்த்து. முதலாவதில் சில பாடல்களுக்குத் தவறான வடிவங்கள் ஏறிவிட்டன.

பழைய தட்டு வாங்குவோர் கவனிக்க: ஜாய் டிவிஷனுக்கும் 1988இல் ‘சப்ஸ்டன்ஸ்’ என்றே ஒரு தொகுப்பு வந்தது. நியூ ஆர்டருடையது வெள்ளை உறை, பட்டியல் எண் ஃபேக்ட் 200; மற்றது ஃபேக்ட் 250. இன்னொன்று, எல்பியில் பி-பக்கப் பாடல்கள் (சிங்கிள் தட்டுகளின் பின்பக்கத்தில் வந்தவை) இல்லை. அவை சிடியின் இரண்டாம் தட்டில்தான். ‘ட்ரூ ஃபெய்த்’தின் பின்பக்கத்தில் ஒளிந்திருந்த ‘1963’ அங்கேதான் கடைசிப் பாட்டு. எல்பி மட்டும் வாங்கினால் அது உங்களுக்கு இல்லை.