த்ராட்டிலின் கடைசி அங்குலம்: சிமுலேட்டரில் பீவரும் ட்வின் ஆட்டரும்

சிமுலேட்டரில் தரை விமானங்களை ஓட்டிப் பழகியவர் மிதவை விமானத்துக்கு மாறும்போது முதலில் தேடுவது பிரேக்கைத்தான். தண்ணீரில் அது கிடையாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் புரொப்பெல்லர் இழுக்கத் தொடங்கிவிடும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நெம்புகோலை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, எஞ்சின் அணையாமல் ஓடும் மிகக் குறைந்த நிலையான ஐடிலில் வைத்தாலும் விமானம் மெல்ல முன்னே சென்றுகொண்டே இருக்கும். ஆகவே ஒரு மிதவை விமானத்தின் தரத்தை அது மேலெழும் அழகைக் கொண்டு அல்லாமல், த்ராட்டிலின் கடைசி அங்குலத்தில் அது நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து. டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தின் இரண்டு விமானங்களை, 1947இல் முதன்முதலாகப் பறந்த பீவரையும் 1965இல் பறந்த ட்வின் ஆட்டரையும், அந்த அளவுகோலால் ஒப்பிடுகிறேன்.

பீவரில் இருப்பது 450 குதிரைத்திறன் கொண்ட, ஒன்பது சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின். அதன் புரொப்பெல்லரால் பின்னோக்கித் தள்ள முடியாது. எனவே துறையை நெருங்கும் விமானிக்குத் துணை மூன்றுதான்: மிதவைகளின் பின்முனையில் இறக்கிவிடப்படும் நீர்ச் சுக்கான்கள், காற்று, எஞ்சினை அணைக்கும் நேரம். இந்த மூன்றாவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி, ஐடிலில் ஊர்ந்து வந்து, துறை இன்னும் சில விமான நீளங்கள் தள்ளியிருக்கும்போதே எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்த மிக்ஸ்சர் நெம்புகோலை முழுவதும் இழுத்துவிட வேண்டும். எஞ்சின் ஓரிரு முறை இருமி அடங்கும்; பிளேடுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி நின்றுவிடும்; அதன்பின் மிதவை தன் உந்தத்தால் மட்டுமே தண்ணீரைக் கிழித்து வரும். சீக்கிரம் அணைத்தால் எட்டாத தொலைவில் நின்று காற்றோடு பின்வாங்கும், தாமதித்தால் துறையில் மோதும். இந்தக் கணிப்பு கைவருவதற்கு எனக்குப் பல மாலைகள் பிடித்தன, அவற்றில் ஒன்றையும் வீண் என்று நினைக்கவில்லை.

பீவரைக் குறைசொல்வதற்கு முன் நம் சிமுலேட்டரின் த்ராட்டில் நெம்புகோலைச் சோதித்துவிடுவது நல்லது. கீழ் எல்லையில் அது சுழியத்தைத் தொடாமல் மூன்று நான்கு சதவீதத்தில் நின்றால், தரை விமானத்தில் பிரேக் அந்தக் குறையை மறைத்துவிடும். தண்ணீரிலோ விமானம் துறையை நோக்கிப் பாயும். அளவுத்திருத்தம் செய்து, கீழ் முனையில் சிறிதளவு செயலற்ற பகுதியை ஒதுக்கிவிட்டு, காற்றில்லாத சூழலில் ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் மணிக்கு ஆறேழு கடல் மைலுக்கு மேல் போனால், கோளாறு அமைப்பில் இருக்கிறது அல்லது அந்த விமானத்தின் கணிப்பு மாதிரியில் இருக்கிறது.

ட்வின் ஆட்டரின் கதை முற்றிலும் வேறு. அதன் 300 வரிசையில், ஒவ்வொன்றும் 620 குதிரைத்திறன் தரும் பிடி6ஏ-27 டர்பைன்கள் இரண்டு உள்ளன. புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன், எஞ்சினின் மற்றப் பகுதியோடு தண்டால் பிணைக்கப்படாமல் தனித்துச் சுழல்வதால், பிளேடுகளை ஃபெதரில், அதாவது விளிம்பு காற்றை நோக்கி இருக்குமாறு, வைத்தபடியே எஞ்சினை ஓடவிட முடியும். அப்போது முன்னே இழுக்கும் விசை மிகக் குறைவாக இருக்கும். அதைவிடப் பெரிய வசதி ஐடிலுக்குக் கீழே காத்திருக்கிறது. தலைக்கு மேலுள்ள த்ராட்டில் நெம்புகோல்களின் பிடியை முறுக்கி மேலும் பின்னுக்கு இழுத்தால், பிளேடின் கோணத்தை விமானியே நேரடியாக ஆளும் பீட்டா பகுதி வரும். முன்னே இழுக்கும் விசை சுழியமாகும் இடமும், அதைத் தாண்டிப் பின்னோக்கித் தள்ளும் ரிவர்ஸும் அங்கேதான் உள்ளன. ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னுமாகக் கொடுத்தால் குறுகிய இடத்திலேயே திரும்பலாம். மாலத்தீவின் காயல்களில் மிதக்கும் சிறு மேடைகளை இவ்விமானங்கள் அணுகும் லாவகத்துக்கு இதுவே அடிப்படை.

ஆனால் இந்த நுட்பம் சிமுலேட்டரில் கிடைப்பதும் கிடைக்காததும் நம் ஏற்பாட்டைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸில் எஃப்2 விசையை அழுத்திப் பிடித்தால் ரிவர்ஸ் வரும், விரலால் நுணுக்கமாக அளவிடுவது கடினம். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் பீட்டாவுக்கும் ரிவர்ஸுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றைப் பட்டனுக்குக் கொடுத்தால், ரிவர்ஸில் நெம்புகோலை முன்னே தள்ளத் தள்ளப் பின்னோக்கிய விசை கூடும். துறைக்கு அருகில், பதற்றத்தில், கை இதை மறந்துவிடும். எனவே பட்டனை விட, ஐடிலை நெம்புகோலின் பாதையில் கால்பங்கு உயரத்தில் நிறுத்தி, அதற்குக் கீழே பீட்டாவையும் ரிவர்ஸையும் தொடர்ச்சியாக அமைப்பதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். மேல்பாதையின் நுணுக்கம் சற்றுக் குறையும், அது தாங்கக்கூடிய இழப்புதான். கீழ் எல்லையைக் கடந்ததும் வெறும் பட்டனாகிவிடும் நெம்புகோல்கள் இந்த வேலைக்கு உதவா. அத்தகையது மட்டுமே உள்ளவர் பீவரைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டு நெம்புகோல்கள் உள்ளவரும் பீவரிலேயே தொடங்குவது மேல், ஏனெனில் ரிவர்ஸ் கையில் இருக்கும்போது தண்ணீரின் உந்தத்தைக் கணிக்க மனம் பழகுவதில்லை. பிறகு ட்வின் ஆட்டருக்குப் போகும்போது, ரிவர்ஸைத் தொடும் முன் புரொப்பெல்லர் நெம்புகோல்களை முழுவதும் முன்னே தள்ளியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான விமானத்தில் அதை நினைவூட்டவே ‘ரீசெட் ப்ராப்ஸ்’ என்ற எச்சரிக்கை விளக்கை வைத்திருக்கிறார்கள்.