‘இன்ஸ்டலேஷன் இலவசம்’ என்றார்கள்: சென்டர் ஸ்பீக்கர் மாட்டப்போய் நான் ஏமாந்த கதை

அம்மாவுக்கு 74 வயது. டி.வி.யில் பாட்டு கேட்கிறது, சண்டை கேட்கிறது, பேசுவது மட்டும் கேட்கவில்லை என்பது அவருடைய பல நாள் குறை. அதற்காகவே கடந்த தையில், சேர்த்து வைத்திருந்த பணத்தைப் போட்டு ஒரு 5.1 ஹோம் தியேட்டர், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட செட், வாங்கினேன். ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரோடு சேர்த்து 68,000 ரூபாய். படம் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் முதல் காரணம் அந்த நடு ஸ்பீக்கர்தான். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வரும். சீரியல் வெறும் ஸ்டீரியோவில் வந்தாலும் ரிசீவர் பேச்சைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும். வேண்டுமானால் அந்த ஒன்றை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். காது மந்தமானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட உபயோகமான பெட்டி வேறில்லை என்று இன்றும் சொல்வேன்.

பெட்டியின் மேல் எனக்குப் புகார் இல்லை. அதைச் சுவரில் மாட்டிய விதத்தின் மேல்தான்.

கோவையில், நகரத்தின் நடுவே இருக்கும் கடை. பெயர் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. விலை பேசும்போதே, ‘இன்ஸ்டலேஷன் இலவசம் சார், நம்ம டெக்னீஷியன் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்துவிடுவார்’ என்றார் மேலாளர். பில்லில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கெல்லாம் வாய் அடைத்துவிடுகிறது.

மறுநாள் காலை கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: எங்கள் டெக்னீஷியன் 11 மணிக்கு வருவார். இந்த ஒரு வரியை அழிக்காமல் வைத்திருந்தேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

வந்த தம்பிக்கு 22, 23 வயது இருக்கும். மரியாதையான பையன். டிரில்லோடு வந்தான், அளவு நாடா இல்லை. நாங்கள் எங்கே உட்காருவோம் என்று கேட்கவில்லை. சுவர் என்ன சுவர் என்று தட்டிப் பார்க்கவில்லை. டி.வி.க்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒரு சாண் கீழே, ஏழடி உயரத்தில் பென்சிலால் கோடு போட்டான். ‘அங்கே மாட்டினால்தான் சார் லுக்’ என்றான். இவ்வளவு உயரமா என்று கேட்டதற்கு, தியேட்டரில் எல்லாம் மேலேதானே இருக்கும் என்றான். தியேட்டரில் ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருக்கிறது, திரையில் பொடிப்பொடித் துளைகள் வழியாகச் சத்தம் வருகிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இலவச வேலைக்கு அவன் சொன்ன கணக்கு இது. பிராக்கெட் 1,200. செம்பு ஒயர் 15 மீட்டர், மீட்டர் 110 வீதம் 1,650. ஒயரை வெளியே தெரியாமல் மறைத்துக் கொடுத்ததற்குக் கூலி 1,500. ஆக 4,350 ரூபாய். பில் கேட்டேன், கடையில் தருவார்கள் என்றான். தன் கைபேசி எண்ணுக்கு ஜிபே போடச் சொன்னான், போட்டேன். நான் ஏமாந்த கணம் இதுதான். டிரில் சுவரில் இறங்கியபோதுகூட இல்லை. கடைக்கும் எனக்கும் இருந்த கயிறு, அந்தப் பணம் அவன் சொந்தக் கணக்குக்குப் போனதோடு அறுந்துவிட்டது.

அன்று இரவு செய்தி போட்டோம். வாசிப்பவரின் முகம் கண் எதிரே, குரல் உத்தரத்திலிருந்து. ஆண் குரலாக இருந்தால் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் குமுறியது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ‘முன்னேயாவது பாதி புரிந்ததுடா’ என்றார். கடைக்குப் போன் செய்தேன். புது ஸ்பீக்கர், பழக வேண்டும், நூறு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்றார்கள். நூறு மணி நேரம் ஓடினால் ஸ்பீக்கர் கீழே இறங்கி வந்துவிடுமா?

பிறகு நானே நாடாவை எடுத்து அளந்தேன். சோபாவில் உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து 98 செ.மீ. ஸ்பீக்கர் 213 செ.மீ. சோபாவுக்கும் சுவருக்கும் 2.9 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22 டிகிரி மேலே. அதையும் கீழ்நோக்கிச் சாய்க்காமல் நேராக மாட்டியிருந்தான். மேல் ஸ்தாயியை ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் கூர்மையான ஒலி எங்கள் தலைக்கு மேலே போய் எதிர்ச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கூர்மைதான், வயதானவர்களுக்கு முதலில் மங்குவதும் அதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யு.) ஒலிபரப்புக்கான பரிந்துரையான பி.எஸ். 775, முன்வரிசை ஸ்பீக்கர்களைக் காது மட்டத்தை ஒட்டி வைக்கச் சொல்கிறது. வீட்டில் டி.வி. குறுக்கே நிற்பதால் நடு ஸ்பீக்கரைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது அதன் முகத்தைக் காதை நோக்கிச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

குமுறலுக்குக் காரணம் வேறு. இந்த ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் காற்றுப் போக ஒரு துளை இருக்கிறது. சுவருக்கு 15 செ.மீ. இடைவெளி விடச் சொல்லிக் கையேட்டில் படமே போட்டிருக்கிறார்கள். பையன் இரண்டு விரல் இடைவெளியில் ஒட்டி மாட்டியிருந்தான். சுவரில் மாட்டத்தான் போகிறீர்கள் என்றால், பின்னால் துளை இல்லாத, அல்லது முன்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கராகப் பார்த்து வாங்க வேண்டும். இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டியவர் மேலாளர்.

சரி, ஒலி போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் டி.வி. பலகையின் மேல் வெள்ளைத் தூள் விழ ஆரம்பித்தது. அம்மா தினமும் துடைப்பார், கரையானைத் திட்டுவார். வீடு கட்டி ஆறு வருடத்தில் கரையானா என்று மேலே பார்த்தேன். ஸ்பீக்கரின் மேல் விளிம்பு முன்பு இருந்த இடத்தை விட்டு ஒரு விரல் முன்னே வந்திருந்தது. ஒன்பது கிலோ எடை. அதற்கு நேர் கீழேதான் அம்மா உட்கார்ந்து மாலையில் கீரை ஆய்வார்.

பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். இறக்கிய பிறகுதான் உள்ளே நடந்த கூத்து தெரிந்தது. எங்கள் டி.வி. சுவர் செங்கல் சுவர் இல்லை. இன்டீரியர் வேலையின்போது முன்னால் ஜிப்சம் போர்டு அடித்து, பின்னால் இரண்டு அங்குலம் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். போர்டின் கனம் 12.5 மி.மீ. அதில் செங்கல்லுக்குப் போடும் சாதாரண ராவல் பிளக்கை, ஸ்க்ரூவைப் பிடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாயை, செருகி ஸ்க்ரூ ஏற்றியிருக்கிறான். பிளக் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. விரலால் தட்டியிருந்தால் பொள்ளலாகச் சத்தம் கேட்டிருக்கும், குழந்தைக்குக்கூடத் தெரியும். இப்படிப்பட்ட சுவரில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில் ஸ்க்ரூ போட வேண்டும், அல்லது போர்டு அடிக்கும் முன்பே ஆசாரியிடம் சொல்லிப் பின்னால் பிளைவுட் வைக்க வேண்டும். அடுக்ககங்களில் இப்போது பரவலாக இருக்கும் ஏ.ஏ.சி. கல்லும், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்லும், கிட்டத்தட்ட இதே கதைதான். டிரில்லைச் சுத்தியல் முறையில் போட்டு ஓட்டினால் துளை பொடிந்து அகலமாகிவிடும், அதற்கென்று தனி ஆங்கர் விற்கிறார்கள்.

அடுத்த அதிர்ச்சி பெட்டியின் முதுகில். பிராக்கெட் மாட்டுவதற்கான மரை எதுவும் இந்த ஸ்பீக்கரில் இல்லை, அதாவது இது சுவரில் தொங்கவிடச் செய்ததே இல்லை. பையன் ஒன்றரை அங்குல ஸ்க்ரூ நான்கை எம்.டி.எஃப். பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்த பெட்டிப் பலகை) நேராக ஏற்றியிருந்தான். பலகை 15 மி.மீ. மிச்சம் இரண்டு சென்டிமீட்டர் இரும்பு உள்ளே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு முனை உள்ளே ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டின் ஓரத்தைக் குத்தி, ட்வீட்டருக்குப் போகும் பற்றவைப்பைத் தளர்த்திவிட்டது. சத்தம் கூட்டினால் அவ்வப்போது கரகரத்ததன் காரணம் அது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் நான்கு துளையையும் பார்த்த மறுநிமிடமே, பெட்டியைத் துளைத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழுது பார்க்க 3,800 ரூபாய் கட்டினேன்.

ஒயரையும் சொல்லிவிடுகிறேன். உருவி அளந்தால் 6 மீட்டர்கூட இல்லை, வாங்கியது 15 மீட்டருக்குக் காசு. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். சுத்தச் செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும், கையில் எடுத்தாலே கனம் தெரியும். இந்த ஒயரால் ஒலி கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தக் குறைந்த தூரத்துக்குக் காது வித்தியாசம் கண்டுபிடிக்காது. ஆனால் செம்பு விலை வாங்கிக்கொண்டு அலுமினியத்தைக் கொடுப்பதற்கு வேறு பெயர் கிடையாது.

படங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேலாளர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, அந்தப் பையன் எங்கள் ஆளே இல்லை சார், வெளியாள், அவனிடம் நீங்கள் தனியாகப் பேசிப் பணம் கொடுத்திருக்கிறீர்கள், எங்களுக்கு ஒரு பைசா வரவில்லையே என்றார். பையனைக் கூப்பிட்டால், கடையில் அனுப்பினார்கள் வந்தேன், சுவர் அப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்கிறான். இன்டீரியர் செய்தவரைக் கேளுங்கள் என்பது இருவரும் ஒரே குரலில் சொன்ன ஒரே வார்த்தை. அப்போதுதான் இலவசத்தின் பொருள் எனக்கு விளங்கியது. விலை இல்லாத வேலைக்குப் பில் இல்லை, பில் இல்லாத வேலைக்கு ஆள் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்துப் புகாரைப் பதிந்தேன். நான் அனுப்பியவை மூன்று: ‘எங்கள் டெக்னீஷியன்’ என்ற அந்த வாட்ஸ்அப் வரி, ஜிபே ரசீது, சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தாள். இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்தே அழைப்பு வந்தது. அதுவரை ‘வெளியாளாக’ இருந்த பையனைப் பற்றி இந்த முறை பேச்சே இல்லை. 4,350 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பழுதுபார்த்த 3,800, சுவரைப் பூசிப் பெயின்ட் அடித்த 2,500 இரண்டும் சேராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். மனு எழுதி வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வரை பார்ப்பேன், பிறகு கொடுத்துவிடுவேன்.

யாராவது இந்த மாதம் ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்கள் என்றால், மாட்டும் வேலையையும் பில்லில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள், இலவசம் என்றால் பூஜ்யம் ரூபாய் என்றே எழுதட்டும். வீட்டுக்கு வருபவர் பிராக்கெட், ஒயர் என்று எது கேட்டாலும் கடைக் கணக்குக்கே பணம் போடுங்கள். முடியாது என்று சொன்னால் டிரில்லைப் பையிலேயே வைக்கச் சொல்லிவிடுங்கள்.

ஸ்பீக்கர் இப்போது டி.வி.க்குக் கீழே, பலகையின் முன்விளிம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. விளிம்பை விட்டு உள்ளே தள்ளினால் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி வேறு சேர்ந்துகொள்கிறது. பின்னால் ஒரு சாண் இடைவெளி. முன்பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்க, என் மகளின் இரண்டு அழிரப்பர்களை அடியில் வைத்திருக்கிறேன். செலவு பத்து ரூபாய். நேற்று செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்து, ‘மேட்டுப்பாளையத்தில் மழையாம்டா’ என்றார்.